ஐந்நூற்றொன்றாவது யூனிட்

2022 செப்டம்பர் 10-ஆம் தேதிக்கு முந்தைய கணக்கில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு கரண்ட் பில் 1,130 ரூபாய். 501 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1,786 ரூபாய் 60 காசு. ஆக அந்த ஐந்நூற்றொன்றாவது யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு. அந்த யூனிட் எப்போது ஓடியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ராத்திரி மூன்று மணிக்கு பிரிட்ஜ் உறுமியபோது ஓடியிருக்கலாம்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கணக்கெழுதியே தலை நரைத்தவன் நான். தாள், மை, பிளேட், கூலி, கரண்ட் என்று தனித்தனிப் பத்தி போட்டு ஒரு காலண்டருக்கு அடக்கம் எவ்வளவு என்று சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு தெருக்காரர்கள் ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். “புதுசா ஒரு சாமான்கூட வாங்கல அண்ணாச்சி. போன தடவை ஆயிரத்து அறுநூறு, இந்தத் தடவை ரெண்டாயிரத்துக்குப் பக்கம். மீட்டர்ல ஏதோ கோளாறு.” மீட்டரைக் குற்றம் சொல்லித்தான் எல்லோரும் தொடங்குவார்கள். மீட்டர் பெரும்பாலும் யோக்கியமாகத்தான் இருக்கும். விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது: அரசாங்கம் எந்த எண்ணில் படி கட்டியது, எந்தத் தேதியில் ரீடிங் எடுத்தது, ஒரு மீட்டருக்குக் கீழே எத்தனை அடுப்பு எரிகிறது என்பதில். இது மூன்றுமே நம் பக்கத்தில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தவை.

முதலில் இங்கே வெளிச்சம் வந்தது தீக்குச்சி வழியாக. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்த கரிசக்காட்டில் அது பிழைப்பானது. பின்னால் மத்தாப்பு, வெடி, அச்சு என்று கிளைத்தது. ஊரே தீப்பெட்டி செய்தாலும் வீட்டில் எரிந்தது சிம்னி விளக்கும் அரிக்கேனும்தான். மண்ணெண்ணெய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு மிச்சம் என்று குழந்தைக்கும் தெரியும். பில் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

மின்சாரம் தெற்கே பரவலானதற்கு 1944-ல் ஓடத் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையம் பெரிய காரணம். தாமிரபரணி விழுந்து சுழற்றிய சக்கரம் திருநெல்வேலி, மதுரை, பழைய ராமநாதபுரம் ஜில்லாப் பக்கம் விளக்கேற்றியது. நாங்கள் அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லாதான். 1985-ல்தான் எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1957 ஜூலை 1-ல் சென்னை மாநில மின்சார வாரியம் உருவானது. கனடா உதவியோடு குந்தா, முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் பெரியாறு மின்நிலையம், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி என்று உற்பத்தி பெருகியதும், கிராமத்துக்குக் கம்பம் நட்டதும் அந்தக் காலத்தின் வேலை. எங்கள் பக்கத்து ஊர்களில் பஞ்சாயத்து ரேடியோவுக்கும் தெருவிளக்குக்கும்தான் முதலில் கரண்ட். வீட்டுக்குள் அது நுழைந்தது அப்புறம். நுழைந்த வீட்டிலும் நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு இரண்டு, வசதி இருந்தால் ஒரு மின்விசிறி. எம்.ஜி.ஆர். ஆட்சியில் குடிசைக்கு ஒரு விளக்கு இலவசமாக வந்தது. அதற்கு மீட்டரே கிடையாது.

ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை, மருந்து நிரப்பும் அறை எதிலும் விளக்கு போட்டு வேலை பார்ப்பதில்லை. நாலு பக்கமும் கதவைத் திறந்து வைத்து, வருகிற பகல் வெளிச்சத்தில் கைவேலை. இடி மின்னல் கூடினால் ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் இந்தப் பக்கத்துத் தொழிலாளி வீட்டில் கரண்ட் ஓடுவதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான். காலை ஏழு மணிக்கு ஆலை வேனில் ஏறினால் சாயங்காலம்தான் வீட்டில் பேன் சுற்றும். தீபாவளிக்குப் பிறகு ஆலை கொஞ்ச நாள் மூடியிருக்கும்போது மட்டும் பகலிலும் சுற்றும். போனஸில் பிரிட்ஜ் வாங்குவதும் அதே சமயத்தில்தான். தீபாவளி முடிந்து வருகிற பில்லைப் பார்த்து மலைப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1882-ல் நியூயார்க்கில் எடிசன் வீடுகளுக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியபோது, அளவு பார்க்கத் துத்தநாகத் தகடு போட்ட ஜாடியைத்தான் பயன்படுத்தினார். மின்சாரம் ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். மாதம் ஒருமுறை கம்பெனி ஆள் வந்து தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்த் தராசில் வைத்து எடை பார்த்து பில் எழுதுவார். வாடிக்கையாளருக்கு அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. 1889-ல் புடாபெஸ்டில் ஓட்டோ பிளாத்தி சுழலும் தகட்டு மீட்டரைக் கொண்டுவந்தார். நம் வீட்டு வாசலில் நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருந்த அலுமினியத் தட்டு அந்த வம்சம்தான். எண்கள் வரிசையாகத் தெரியும்; தட்டு வேகமாகச் சுற்றினால் செலவு, மெதுவாகச் சுற்றினால் மிச்சம். எங்கள் பக்கத்து ஆச்சிகள் இஸ்திரிப் பெட்டி போட்டவுடன் வெளியே வந்து தட்டை எட்டிப் பார்ப்பார்கள். அந்த மீட்டர்களைக் கழற்றி எலக்ட்ரானிக் மீட்டர் மாட்டிய பிறகு, எட்டிப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. சிவப்புப் புள்ளி துடிப்பதை யார் எண்ணப் போகிறார்கள்?

நிலைக்கட்டணம் என்ற ஒன்றும் இதே காலத்துச் சரக்குதான். லண்டனில் ஜான் ஹாப்கின்சன் என்ற பொறியாளர் 1892-ல் சொன்னது: நீ விளக்கைப் போடாவிட்டாலும் உனக்காக நான் மிஷினைத் தயாராக வைத்திருக்கிறேன், அதற்கு ஒரு காசு, ஓட்டியதற்கு ஒரு காசு. நூற்று முப்பது வருஷம் கழித்து, 2022-ல்தான் தமிழ்நாட்டு வீடுகளுக்கு அந்த 20, 30, 50 ரூபாயை எடுத்துவிட்டார்கள். எடுத்ததை ஒரு வரியில் சொன்னார்கள்; ஏற்றியதைப் பல வரியில் சொல்ல வேண்டியிருந்தது.

யூனிட் விலை என்றாலே தமிழ்நாட்டில் அரசியல்தான். 1970-ல் கோயம்புத்தூர் ஜில்லாவில் விவசாய பம்புசெட்டுக்கான மின்கட்டண ஏற்றத்தை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்த இயக்கத்தை வழிநடத்திய நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் உயிர்விட்டது எங்களுக்கு அடுத்த ஊரான கோவில்பட்டியில். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. பிற்பாடு கைத்தறிக்கு இத்தனை, விசைத்தறிக்கு இத்தனை என்று சலுகை நீண்டது. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களும் அருப்புக்கோட்டை விசைத்தறிக்காரர்களும் அதை நம்பித்தான் தறி ஓட்டுகிறார்கள். விசைத்தறிக்கு இலவசம் 2016-ல் 750 யூனிட், 2023-ல் 1,000 யூனிட். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. இலவசத்துக்கு ஆகும் காசு ஒரு பகுதி அரசு மானியமாக வரும், இன்னொரு பகுதியைக் கடைக்காரனும் ஆலைக்காரனும் கூடுதலாக ஓட்டும் வீட்டுக்காரனும் சுமப்பான். அப்படிச் சுமக்க வைப்பதற்கு வந்ததுதான் படி. குறைவாக ஓட்டினால் குறைந்த விலை, கூட ஓட்டினால் கூட விலை. ஏழைக்கு நியாயமான ஏற்பாடு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். படியை எப்படிக் கட்டினார்கள் என்பதில்தான் என் சண்டை.

2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சி வரத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. ஆலைத் தொழிலாளி வீட்டில் அதுவரை பல்பும் ரேடியோவும்தான். சாமான் இலவசம், அதை ஓட்டும் கரண்ட் இலவசம் இல்லை. அதற்கு நடுவில் 2008 தொட்டு மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே பன்னிரண்டு மணி நேரம், பதினாறு மணி நேரம் என்று போனது. ஆடிப்பெருக்கு அன்று மாதிரி ஆல்பம் வெளியிட்டு, மார்கழிக்குள் இந்தியா முழுக்கக் காலண்டர் அனுப்பிவைக்க வேண்டிய ஊர் இது. மிஷின் நின்றால் மை காயும், தாள் வீணாகும். ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசலை நான் தனிப் பத்தியாக எழுதினேன். சில மாதம் அந்தப் பத்தி கூலிப் பத்தியோடு போட்டி போட்டது. ஆடிக் காற்று அடித்தால் கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகள் சுற்றும், கரண்ட் கொஞ்சம் தங்கும். காற்று நின்றால் பழைய கதை. 2013 அக்டோபரில் கூடங்குளம் முதல் உலை மின்சாரம் கொடுத்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது.

பாதி நாள் கரண்டே இல்லையே, பில் பாதியாக வேண்டாமா என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். வரவில்லை. முதல் காரணம் இன்வெர்ட்டர். கரண்ட் வந்தவுடன் அது பேட்டரிக்குள் இழுக்க ஆரம்பிக்கும். இழுத்ததில் நாலில் ஒரு பங்காவது சூடாகவே போய்விடும். வெட்டு நேரத்தில் ஓடிய பேனுக்கும் மீட்டர் கணக்கு உண்டு, முன்கூட்டியே எழுதப்பட்ட கணக்கு. இரண்டாவது காரணம் 2012 ஏப்ரல் 1. அன்றைக்கு மாநிலத்தில் மின்கட்டணம் ஏறத்தாழ 37 சதவீதம் ஏறியது. அந்த உத்தரவில் வந்த படிகள்தான் அடுத்த பத்து வருஷம் நம் வீட்டுக் கணக்கைத் தீர்மானித்தன.

அந்தப் படிகளின் குணம் என்னவென்றால், மேல்படிக்குப் போனால் மேலே ஓட்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது. கீழே ஓட்டியதற்கும் சேர்த்து மாறும். அச்சகத்தில் ஆயிரம் காலண்டருக்கு ஒரு விலை பேசி, ஆயிரத்தொன்று கேட்டவுடன் முதல் காலண்டரிலிருந்தே விலையை மாற்றினால் பார்ட்டி எழுந்து போய்விடுவான். கரண்ட்டுக்கு எழுந்து போக இடமில்லை. 2014 டிசம்பரில் விலை மறுபடி ஏறி, 2016 மே 23-ல் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் என்று கையெழுத்துப் போட்ட பிறகு நின்ற கணக்கு இது. 200 யூனிட் வரை ஓட்டினால் இரண்டாவது நூறுக்கு ஒன்றரை ரூபாய், நிலைக்கட்டணம் 20: மொத்தம் 170. ஒரு யூனிட் கூடி 201 ஆனால் அந்த இரண்டாவது நூறே இரண்டு ரூபாயாகிவிடும், நிலைக்கட்டணம் 30 ஆகும்: மொத்தம் 233. 500 தாண்டினாலோ இரண்டாவது நூறு மூன்றரை ரூபாய், அடுத்த முன்னூறு நாலு ரூபாய் அறுபது காசு. அதில் பிறந்ததுதான் முதலில் சொன்ன 656 ரூபாய் யூனிட்.

இந்த ஒரு யூனிட்டை மிச்சப்படுத்த யாருக்கும் சிரமமில்லை. ஒரு இரவு ஏசி போடாமல் இருந்தால் போதும். எந்த இரவு என்று சொல்ல ஆளில்லை என்பதுதான் கோளாறு.

2022-ல் இந்தப் பள்ளத்தை ஓரளவு தூர்த்தார்கள். விலையை ஏற்றினார்கள், படியின் உயரத்தைக் குறைத்தார்கள். 500 யூனிட் வரை ஓட்டும் வீட்டுக்கு முதல் நூறு இலவசம், இரண்டாவது நூறு 2 ரூபாய் 25 காசு, அடுத்த இருநூறு நாலரை ரூபாய், கடைசி நூறு 6 ரூபாய்: மொத்தம் 1,725. ஐந்நூறைத் தாண்டினால் இரண்டாவது நூறுக்கான பாதி விலை போய்விடும், அதுவும் நாலரை ஆகும். ஐந்நூறுக்கு மேல் 8 ரூபாய், அறுநூறுக்கு மேல் 9 என்று ஏறும். 501 யூனிட்டுக்கு 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். பழைய 656-க்கு இது தேவலை. ஆனாலும் படி படிதான். அதற்குப் பின் 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியபோதும் நூறு, இருநூறு, நானூறு, ஐந்நூறு என்ற இடங்கள் அப்படியே நின்றன. கீழே நான் போடும் கணக்கெல்லாம் 2022 விலையில். உங்கள் பில்லில் காசு கொஞ்சம் கூடியிருக்கும், தர்க்கம் மாறாது.

இனி ரீடிங் தேதி. தினம் 8 யூனிட் ஓட்டும் வீடு என்று வைத்துக்கொள்வோம். 60-ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். பொங்கல் லீவோ ஆள் பற்றாக்குறையோ, 63-ஆம் நாள் எடுத்தால் 504 யூனிட், 1,982 ரூபாய். அடுத்த முறை 57 நாள்தான் வரும், 456 யூனிட், 1,461 ரூபாய். நாலு மாதத்துக்கும் ஓடியது அதே 960 யூனிட்தான். சரியான தேதியில் எடுத்திருந்தால் 3,210 ரூபாய். மூன்று நாள் தள்ளியதால் 3,443. “ஒண்ணும் புதுசா வாங்கல அண்ணாச்சி” என்று வந்த மதினியின் அட்டையில் நான் கண்டது இதைத்தான். யூனிட் பத்தியைப் பார்க்கும் முன் தேதிப் பத்தியைப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

இதற்கு மருந்தாக மாதா மாதம் ரீடிங் எடுக்க வேண்டும் என்கிறார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. அப்படி ஒரு வாக்குறுதியும் கொடுத்தது. டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் ஒத்துக்கொள்வதில்லை. படிகளை அப்படியே மாதத்துக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் லாபம். அதாவது மாதம் 100 இலவசம், மாதம் 500 வரை கீழ்படி. எந்த அரசாங்கமும் அதைச் செய்யாது. படிகளைப் பாதியாக்கித்தான் கொடுக்கும்: மாதம் 50 இலவசம், 250-ல் எல்லை. பங்குனியில் 150, சித்திரையில் 350 ஓட்டிய வீட்டைப் பாருங்கள். இரண்டு மாதம் சேர்த்தால் 500 யூனிட், 1,725 ரூபாய். மாதம் பிரித்தால் பங்குனிக்கு 337 ரூபாய் 50 காசு, சித்திரைக்கு 1,825. மொத்தம் 2,162 ரூபாய் 50 காசு. குறைவாக ஓட்டிய மாதம் கூடுதலாக ஓட்டிய மாதத்துக்குத் தோள் கொடுப்பது இரு மாதக் கணக்கில்தான். இரண்டு மாதமும் ஒரே அளவு ஓட்டுகிறவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. நாம் கேட்க வேண்டியது தேதி தவறாத ரீடிங், தவறினால் நாளுக்குத் தக்கபடி படியையும் நீட்டிக் கொடுக்கும் விதி.

2020 ஊரடங்கில் இதே சங்கதி ஊர் முழுக்க வெடித்தது. ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நாலு மாத யூனிட்டை எடுத்து, இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியாகப் படிக்கணக்குப் போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். பணத்தைக் கழிக்கக் கூடாது, யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடியானது. எங்கள் பக்கம் பில் எகிறியதற்குப் பாதிக் காரணம் வேறு. பகலில் ஆலையில் இருக்க வேண்டிய அத்தனை பேரும் அக்னி நட்சத்திரத்தில் வீட்டில் பேனுக்குக் கீழே படுத்திருந்தார்கள். பழைய பேன் ஒன்று 75 வாட்ஸ். ராத்திரி எட்டு மணி நேரம் மட்டும் சுற்றினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். பதினெட்டு மணி நேரம் சுற்றினால் 81. மூன்று பேன் வீட்டில் இந்த வித்தியாசமே 135 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. பேன் 30 வாட்ஸ் அளவில்தான் இழுக்கிறது. பதினெட்டு மணி நேரத்துக்கும் 32 யூனிட்டில் முடிந்துவிடும். பிரிட்ஜை மாற்று, ஏசியை மாற்று என்று கடைக்காரர் சொல்லும் முன், ஆட்கள் அதிகம் படுக்கிற அறையின் பேனை மாற்றச் சொல்வேன்.

இதுவரை சொன்னது சொந்த மீட்டர் உள்ளவர்கள் கதை. இந்தப் பட்டாசுக் காட்டில் நிஜமாகக் கூடுதல் காசு கட்டுகிறவர்கள் காம்பவுண்டு வீட்டுக்காரர்கள். திருத்தங்கல், சாத்தூர் ரோடு, விருதுநகர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்கே பார்த்தாலும் வரிசையாக ஆறு வீடு, எட்டு வீடு. முன்னால் ஒரே ஒரு மெயின் மீட்டர், ஒவ்வொரு வாசலிலும் கையடக்கமாக ஒரு சப் மீட்டர். மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் நோட்டோடு வருவார். “யூனிட்டுக்கு எட்டு ரூவா.” ஏன் எட்டு என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்துக் காம்பவுண்டிலும் எட்டுதான்.

ஆறு குடித்தனம், ஒவ்வொன்றும் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிவி, ஒரு பேன், இரண்டு லைட், காலையில் மிக்சி, பிரிட்ஜ் கிடையாது. தனித்தனி இணைப்பு இருந்தால் முதல் நூறு இலவசம், மிச்சம் 20 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு வீதம், வீட்டுக்கு 45 ரூபாய். ஆறு வீட்டுக்கும் சேர்த்து 270. அதே ஆறு வீடும் ஒரே மீட்டரில் இருந்தால் மொத்தம் 720 யூனிட். நூறு கழித்து முன்னூறுக்கு 1,350, அடுத்த நூறுக்கு 600, அடுத்த நூறுக்கு 800, மீதி 120-க்கு 1,080. ஆக 3,830 ரூபாய். எட்டு ரூபாய்க் கணக்கில் குடித்தனக்காரர்கள் கொடுப்பதோ வீட்டுக்கு 960, மொத்தம் 5,760.

இந்த மூன்று தொகையையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்: 270, 3,830, 5,760. வீட்டுக்காரர் எடுப்பது 1,930 ரூபாய். பொது விளக்கு, தண்ணீர் மோட்டார் என்று அவர் ஏதாவது சொல்லலாம். அதைவிடப் பெரிய தொகை யாருக்கும் லாபமில்லாமல் படியில் போகிறது. ஏழைக்கு என்று கொடுத்த 100 யூனிட் ஆறு ஏழைகளுக்கு நடுவில் ஒன்றாகக் கிடக்கிறது. குழாய் சுற்றியும் திரி கிள்ளியும் சம்பாதிக்கும் ஒரு அக்கா ஏசி போட்ட மாடிவீட்டுக்காரரின் படி விலையில் டிவி பார்க்கிறாள். உரிமம் இல்லாமல் யாரும் மின்சாரம் விற்கக் கூடாது என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, தான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை, அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது.

சொந்த வீட்டுக்காரர்களிலும் கூடுதலாகக் கட்டுகிற இன்னொரு ரகம் உண்டு. வீடு கட்டும்போது தற்காலிக இணைப்பு வாங்குவார்கள், அதற்கு விலை அதிகம். பால் காய்ச்சிக் குடியேறிய பிறகும் அதை வீட்டு இணைப்பாக மாற்ற எழுதிக் கொடுக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். முன்னறையில் கடை வைத்து மூடியவர்களும் அப்படித்தான். கடை போய்விடும், அட்டையில் வணிக விலை நிற்கும். அட்டையிலும் ரசீதிலும் கட்டண வகை என்று ஓர் இடம் இருக்கிறது. வீட்டுக்கு உரியது ‘ஒன்று–ஏ’. அதைப் பார்க்காமல் யூனிட்டை மட்டும் குறைத்துக்கொண்டிருப்பது வீண் பாடு.

மீட்டர் மேல் நிஜமாகவே சந்தேகம் இருந்தால் அதைச் சோதிக்கவும் வழி உண்டு. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, பிரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டர் முன் நில்லுங்கள். சிவப்புப் புள்ளி அப்போதும் துடித்தால் ஒயரிங்கில் எங்கோ கசிகிறது, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். துடிக்கவில்லை என்றால், தண்ணீர் சுடவைக்கும் 1,000 வாட்ஸ் ஹீட்டர் கம்பியை மட்டும் ஆறு நிமிஷம் போடுங்கள். அது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. என் வீட்டு மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்று எழுதியிருக்கிறது. ஆகவே 320 தடவை துடிக்க வேண்டும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் முப்பது முன்னே பின்னே இருக்கலாம். நானூறைத் தொட்டால் மீட்டரைப் பரிசோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பிரிவு அலுவலகத்தில் தீராவிட்டால் வட்ட அளவில் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அங்கும் தீராவிட்டால் சென்னையில் மின்குறைதீர்ப்பாளர். 2021-ல் தொடங்கிய மின்னகம் என்ற நுகர்வோர் சேவை மையத்தின் எண் 94987 94987.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாக மாட்டியும் பார்த்தார்கள். தேதி தவறாது என்பதற்காக அதை நான் வரவேற்கிறேன். ஆனால் எழுதும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இப்போதே ரீடிங் கைபேசிக் குறுஞ்செய்தியாக வருவதால் பல வீடுகளில் வெள்ளை அட்டையை யாரும் எழுதுவதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ரீடிங் எடுத்த தேதி, எண், அடுத்து ஐம்பதாம் நாள் நீங்களே பார்த்த எண். ஐம்பதாம் நாளில் 440 வந்துவிட்டது என்றால் மிச்சம் பத்து நாளைக்கு தினம் ஆறு யூனிட்டுக்குள் ஓட்ட வேண்டும். அந்தப் பத்து நாள் மட்டும் ஏசிக்கு லீவு விட்டால் 233 ரூபாய் வீட்டில் நிற்கும். 520 வந்துவிட்டது என்றால் படி போனது போனதுதான், அதற்கு மேல் ஓட்டும் யூனிட்டுக்கு மட்டும் கணக்குப் பாருங்கள்.

காம்பவுண்டு வைத்திருக்கும் அண்ணாச்சிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கையெழுத்து இல்லாமல் குடித்தனக்காரர் தனி இணைப்பு வாங்குவது லேசான காரியமில்லை. தனி வாசல், தனி சமையல் உள்ள வீடுகளுக்கு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இணைப்புச் செலவையும் வைப்புத் தொகையையும் வேண்டுமானால் வாடகையில் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 960 கொடுத்துக்கொண்டிருப்பவர் 45 ரூபாய் கட்டப் போகிறார் என்றால், வாடகையில் நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.